சத்து மாத்திரை

ஜன்னலோரம் நீயே உக்காந்துக்கோ கண்ணு. எனக்கு வேணாம். நான் ஆசைய விட்டு ரொம்ப வருஷமாச்சு. காத்து மட்டும் இந்தப் பக்கம் வர்ற மாதிரி அந்த ஷட்டர மேல தூக்கிவுடு. இன்னும் கொஞ்சம். உன் தோளு மறைக்குதே... ஒண்ணு பண்ணு, நீ இப்படி வந்துடு, நான் அங்க போயிடறேன். ஆங், இப்ப ரெண்டு பேருக்கும் சௌரியம்.

எங்க எறங்கற? கண்டோன்மென்ட்டா? கழுத்துல கார்டு தொங்குதே, வேலைக்குப் போற பொண்ணுன்னு நெனச்சேன். நான் கே.ஆர்.புரம். தங்கவயல்லேர்ந்து வர்றேன். மைன்ஸ் மூடியும் ஊர விட்டுப் போகாத ஆளுங்க நாங்க. என் பேரு விசாகா. பொறந்தப்ப வெச்ச பேரு குப்பம்மா, தீட்சை எடுத்தப்ப மாத்திக்கினேன். எங்க லைன்ல, அதான் மைன்ஸ் குடியிருப்புல, சில பேரு வேணும்னே இன்னும் குப்பம்மான்னுதான் கூப்புடுவாளுங்க. எனக்குக் கோவமெல்லாம் இல்ல. காது கேக்காத மாதிரி போயிடுவேன், அவ்வளவுதான்.

வெள்ளப் பொடவைய எதுக்குப் பாக்கறன்னு தெரியுது. வூட்டுக்காரரு போய்ச் சேந்துட்டாரு, அது நெஜந்தான். பூமிக்கடியில தின்ன தூசி அவரு நெஞ்ச அரிச்சிடுச்சு. ஆனா இந்தப் பொடவை அதுக்காகக் கட்டுனது இல்ல. நாங்க பௌத்தம். எங்க மாமனார் காலத்துலயே மைன்ஸ்ல வேல செஞ்சவங்க சேந்து எங்க லைன்ல ஒரு சின்ன விகாரம், புத்தர் கோயிலு, கட்டுனாங்க. இன்னிக்கி பௌர்ணமி. பௌர்ணமின்னா நான் எட்டு சீலம் எடுத்துக்குவேன். உயிரக் கொல்லக் கூடாது, திருடக் கூடாது, பொய் பேசக் கூடாது, அப்படி எட்டு. மத்தியானத்துக்கு மேல வாயில ஒண்ணும் போடக் கூடாது. முறுக்கா? வேணாம் கண்ணு. மணி எத்தினி? இன்னும் பன்னெண்டு ஆகலையா? அப்ப குடு, ஒண்ணு போதும்.

சும்மா சொல்லக் கூடாது, என்ன மாதிரி சீலம் காப்பாத்தற ஆளு எங்க விகாரத்துல கெடையாது. ஒரு கொசுவ அடிச்சதில்ல. எலித் தொல்ல தாங்க முடியலைன்னாகூட பொறி வெக்க மாட்டேன். பக்கத்து வூட்டு ரெஜினா வந்து வெப்பா. என் வூட்டுலதான் வெப்பா, தேங்காச் சில்லு நான்தான் எடுத்துக் குடுப்பேன், ஆனா வெக்கிறது அவ. அவங்க கோயில்ல அதுக்கெல்லாம் தடை இல்ல. இன்னா சிரிக்கிற? சீலம்னா அப்பிடித்தான், நம்ம கை சுத்தமா இருக்கணும்.

யார்கிட்டயும் சொல்லல, உன்கிட்ட சொல்றேன். என் பொண்ணு என்ன விட்டுட்டுப் போயிட்டா. எவன் கூடயும் ஓடிப் போகல. கோச்சிக்கினுகூடப் போகல. ஒரு பையில துணிய எடுத்து வெச்சிக்கினு, 'வரேம்மா'ன்னு சொல்லிட்டு என் தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டா. ஒரு மாசமாச்சு. போன் பண்ணா எடுக்கறதில்ல. அவளக் கூட்டிக்கினு வரத்தான் போறேன். அவ இல்லாம நான் எப்படிக் கண்ணு அந்த வூட்டுல உக்காருவேன்? நேத்து சோறு போட ரெண்டு தட்டு எடுத்து வெச்சிட்டேன். அப்புறம் ஒண்ண எடுத்து அடுக்குல கவுத்தேன். எல்லாம் இந்த மழைக்காலத்துல வந்த வெனை.

மழைக்காலத்துல எங்க பிக்குங்க ஊரு ஊராப் போக மாட்டாங்க, மூணு மாசம் ஒரே எடத்துல தங்குவாங்க. எங்க விகாரத்துக்கும் ஒருத்தரு வந்தாரு. 'பந்தே'ன்னு கூப்புடுவோம். சின்ன வயசு, அரக்கோணம் பக்கம். வாய் திக்கும், அதனால பேசவே கூச்சப்படுவாரு. மொத நாளே சொன்னாரு, இந்த மழைக்காலம் முடியற வரைக்கும் ஆளாளுக்கு ஒரு சீலத்த எடுத்துக்கினு அத மட்டும் கெட்டியாப் புடிச்சிப் பாருங்கன்னு. ஒருத்தி கறிய விட்டா. ஒருத்தரு பீடிய விட்டாரு. இதெல்லாம் ஒரு காரியமா? நான் எந்திரிச்சு, 'பொய் பேச மாட்டேன், வெளையாட்டுக்குக்கூட பேச மாட்டேன்'னேன். பந்தே என்ன நிமிந்து பாத்தாரு. 'க... கஷ்டமான சீலம்மா, மெதுவாப் போங்க'ன்னாரு. இதுல மெதுவா இன்னா, வேகமா இன்னா?

அன்னிலேர்ந்து மனசுல பட்டத அப்படியே சொல்லிடறது. ரெஜினா கொழம்பு குடுத்தா, 'தண்ணியா இருக்கு'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். எதிர் வூட்டுக்காரன் புது சட்டை போட்டுக்கினு வந்தான், 'உனக்கு நல்லா இல்ல'ன்னேன். லைன்ல பாதிப் பேரு எங்கிட்ட பேச்ச நிறுத்திட்டாங்க. நான் கவலப்படல.

என் தங்கச்சி பேரு சம்பூர்ணம். அடுத்த லைன்லதான் இருந்தா அப்ப. அவ பொண்ணு பிரேமா. மூக்கும் முழியுமா இருப்பா, யார் வூட்டுல விசேஷம்னாலும் மொத ஆளா வந்து பாத்திரம் கழுவுவா. ஆனா அவளுக்கு வலிப்பு. சின்ன வயசுலேர்ந்து. மாத்திரையில ரொம்ப வருஷமா கட்டுப்பட்டு இருந்துச்சு. அவளுக்கு எங்க விகாரத்துலயே ஒரு எடம் அமைஞ்சிது. லோகேஸ்வரி பையன், தம்மபாலன். பெங்களூர்ல ஏசி ரிப்பேர் பண்றான், குடி கெடையாது, பொம்பளைங்ககிட்ட தலைய நிமிந்து பேச மாட்டான். பொண்ணு வெச்சிருக்கறவங்க எல்லாருக்கும் அவன் மேல கண்ணு. எனக்கு இல்ல. நான்தான் ஆசைய விட்டுட்டனே.

தங்கச்சி மூச்சு வாங்க ஓடியாந்து மொதல்ல எங்கிட்டதான் சொன்னா. சொல்லிட்டு என் கையப் புடிச்சிக்கினா. 'அக்கா, பிரேமா விஷயத்த நீ ஒண்ணும் சொல்லிக்காத. ஞாயித்துக்கெழம பையன் பேச வர்றான். அவளே அவன்கிட்ட சொல்லிடறேன்னு இருக்கா. அவ வாயால சொன்னாதான் அவளுக்கு மரியாத'ன்னா. நான் 'உம்'முன்னேன். 'உம்'முன்னா வாக்குக் குடுத்த மாதிரியா, நீயே சொல்லு. கேட்டுக்கினேன்னு அர்த்தம்.

வெள்ளிக்கெழம நானும் லோகேஸ்வரியும் விகாரத்தக் கூட்டிக்கினு இருந்தோம். பேச்சுவாக்குல அவ, 'உங்க தங்கச்சி பொண்ணு நல்ல பொண்ணுதானக்கா?'ன்னா. தொடப்பத்த கீழ வெச்சிட்டேன். இதுதான் எனக்கு வந்த பரீட்சைன்னு தோணிச்சு. ஒரு பக்கம் கூடப் பொறந்தவ, ஒரு பக்கம் சீலம். 'நல்ல பொண்ணுதான். எப்பவாவது விழுந்துடுவா'ன்னேன். அவ முழிச்சா. 'வலிப்பு'ன்னேன். வாயில நுரை தள்றதையும், ஒருக்கா பள்ளிக்கூடத்துல பாவாடையோட ஒண்ணுக்குப் போயிட்டதையும் அவ கேக்காமலே சொன்னேன். பாதிய சொல்லிட்டு மீதிய மறைச்சா அதுவும் பொய்தான? வூட்டுக்கு வரும்போது மனசு எவ்வளவு லேசா இருந்துச்சு தெரியுமா?

ஞாயித்துக்கெழம அவங்க வரவே இல்ல. பிரேமா புதுப் பொடவையக் கட்டிக்கினு பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்துச்சாம். மறுநாள் வலிப்பு வந்து, கொழா பக்கத்துல விழுந்து, முன்பல்லு ஒண்ணு ஒடைஞ்சிடுச்சு. பாத்தியா, நான் சொன்னது நெஜந்தான? என் பொண்ணு சுமேதாதான் ஓடிப் போய் அவ தலைய மடியில வெச்சிக்கினு ரத்தத்தத் தொடச்சா.

தங்கச்சி என் வாசப்படியில வந்து நின்னா. கத்துவான்னு நெனச்சேன். கத்தல. 'ஏன்க்கா?'ன்னு மட்டும் கேட்டா. நான் சீலத்தப் பத்தி எடுத்துச் சொன்னேன். பொறுமையாத்தான் சொன்னேன். அவ கேட்டுட்டு திரும்பிப் போயிட்டா. கொஞ்ச நாள்லயே வூட்டக் காலி பண்ணிக்கினு பெங்களூருக்குப் போயிட்டாங்க, எங்கிட்ட சொல்லிக்கக்கூட இல்ல. எனக்கு எம்மாம் வருத்தம் தெரியுமா? உண்மையத் தாங்கற சக்தி எல்லாருக்கும் இருக்கறதில்ல கண்ணு.

மாலூரு தாண்டிடுச்சா? அப்ப சீக்கிரம் சொல்லி முடிக்கறேன்.

அந்த மழைக்காலம் முடியறதுக்குள்ளயே லோகேஸ்வரி தாம்பாளத்தோட என் வூட்டுக்கு வந்து நிக்கிறா. சுமேதாவக் கேட்டு. நான் போய்க் கேக்கல. சீலத்து மேல ஆணையா சொல்றேன், நான் ஒரு வார்த்த கேக்கல. அவளா வந்தா. 'உங்கள மாதிரி உண்மை பேசற வூட்டுலதான்க்கா சம்பந்தம் பண்ணணும்'னா. அது அவ சொன்ன வார்த்த, என்னுது இல்ல. தட்ட வாங்கி வெச்சேன். வாசலத் தேடி வந்தத வேணாங்கறதும் ஒரு கர்வந்தான?

சுமேதாகிட்ட சொன்னேன். 'பிரேமாவ வேணாம்னவங்க எனக்கு எதுக்கும்மா?'ன்னா. 'நீயும் அவளும் ஒண்ணா?'ன்னேன். என்னையே பாத்துக்கினு நின்னா. அதோட வாயத் தொறக்கல. நான் பொடவை எடுத்தேன், தேதி குறிச்சேன், எதுக்கும் அவ பேசல. வேணாம்னா வேணாம்னு சொல்லணுமில்ல? பேசாம இருந்தா சம்மதம்னுதான எடுத்துக்குவாங்க.

ஏன் அப்பிடிப் பாத்தாளா? அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. கைக்கொழந்தையில காய்ச்சல் வேகத்துல ரெண்டு வாட்டி கை கால் இழுத்துக்கிச்சு. எந்தக் கொழந்தைக்குத்தான் இழுக்காது? பத்தாவது படிக்கும்போது ஒருக்கா. அப்ப காய்ச்சல் இல்ல, ஆனா வெறும் வயித்தோட வெயில்ல நிக்க வெச்சிட்டாங்க. போன வருஷம் ஒருக்கா, அது தூக்கத்துல, அதக் கணக்குல சேக்க முடியாது. பிரேமாவுக்கு வர்றது வேற, இது வேற. அவ கால் மேல கை போட்டுக்கினுதான் நான் படுப்பேன். கால் உதறுனா தெரியணுமில்ல. அதுவும் ஒரு பழக்கந்தான். மாத்திரையா? போடுவா. தெனம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. சத்து மாத்திரை. மருந்துக் கடைக்காரன்தான் டாக்டர் சீட்டு இல்லாமத் தர மாட்டான், அவனுக்கு அப்படி ஒரு புத்தி.

லோகேஸ்வரிகிட்ட சொன்னீங்களான்னு நீயும் கேக்கற பாரு! அவ கேக்கலையே. தங்கச்சி பொண்ணப் பத்திக் கேட்டா, சொன்னேன். என் பொண்ணப் பத்திக் கேக்கல, சொல்லல. கேட்டு, இல்லைன்னாத்தான் பொய்.

மழைக்காலம் முடியற பௌர்ணமிக்கு எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பவாரணைன்னு பேரு. பிக்குங்க ஒருத்தருக்கு முன்னாடி ஒருத்தரு கை கூப்பி உக்காந்து, 'என்கிட்ட ஏதாவது குத்தம் பாத்திருந்தா, கேட்டிருந்தா, சந்தேகப்பட்டிருந்தா, தயவு பண்ணிச் சொல்லுங்க, திருத்திக்கறேன்'னு கேப்பாங்க. எங்க விகாரத்துல குடும்பத்துக்காரங்களும் அந்த மாதிரி உக்காருவோம். யாராவது சொன்னா எதுத்துப் பேசக் கூடாது, சொன்னவங்களுக்கு நன்றி சொல்லணும். யாரும் பேசலைன்னா குத்தம் இல்லைன்னு அர்த்தம். நான் வருஷா வருஷம் உக்காருவேன். ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல. மத்தவங்களுக்கு நான் நெறைய சொல்லியிருக்கேன், நல்லதுக்குத்தான்.

போன பௌர்ணமியும் உக்காந்தேன். எல்லாரும் வெள்ளையில. லோகேஸ்வரி மொத வரிசையில, பக்கத்துல மாப்ளப் பையன். கை கூப்பிக் கேட்டேன். யாரும் பேசல. எந்திரிக்கலாம்னு முட்டிய ஊனுனேன். அப்பப் பாத்து பின்னாடிலேர்ந்து சுமேதா வந்தா. என் எதிர்ல முட்டி போட்டு உக்காந்தா, கை கூப்பினா. பொண்ணு ஆசீர்வாதம் வாங்க வந்திருக்கான்னு நெனச்சி அவ தலையில கை வெக்கப் போனேன்.

'அம்மா, நான் பாத்தத சொல்றேன்'னா. 'பிரேமாவுக்கு இருக்கறதுதான் எனக்கும் இருக்குது. அவளுத சொன்ன. என்னுத மறைச்ச.' அப்புறம் லோகேஸ்வரி பக்கம் திரும்புனா. 'நீங்க தட்டு எடுத்தாந்த அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். எனக்கும் கல்யாண ஆசை இருந்துச்சு, அதான் பேசாம இருந்துட்டேன். மன்னிச்சிக்கோங்க'ன்னா. சொல்லிட்டு என் காலத் தொட்டுக் கும்புட்டா.

காலத் தொட்டுக்கினே கழுத்தறுத்துட்டா கண்ணு! அத்தினி பேரு முன்னாடி, பெத்தவள! உண்மைய சொல்றதுக்கு ஒரு நேரங்காலம் வேணாமா? யாரு மனசு நோகும், யாரு வாழ்க்க கெடும்னு பாக்க வேணாமா? எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமில்ல? சொன்னாளான்னா... சொன்னா. சமையக்கட்டுல ரெண்டு வாட்டி வந்து, 'லோகேஸ்வரியம்மாகிட்ட சொல்லிடலாம்மா'ன்னா. நான் கை வேலையா இருந்தேன்.

லோகேஸ்வரி பையன் கையப் புடிச்சி இழுத்துக்கினு போயிட்டா. அவன் வாசல்ல ஒருக்கா திரும்பிப் பாத்தான், அவ்வளவுதான் அவன் வீரம். நான் பந்தே முன்னாடி போய் நின்னேன். 'இது நியாயமா பந்தே?'ன்னேன். அவரு திக்கித் திக்கி, 'நீ... நீங்க இன்னும் அந்தப் பொண்ணுக்கு நன்றி சொல்லலம்மா'ன்னாரு. நன்றியாம்! மழைக்காலம் பூரா அவருக்கு சுடச்சுட சமைச்சி எடுத்துக்கினு போனவ நான். அவரும் அவ பக்கம்.

வூட்டுக்கு வந்து அவகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். 'இனிமே உனக்கு எவன்டி வருவான்?'ன்னேன். உள்ளதத்தான சொன்னேன்? அவ 'தெரியலம்மா'ன்னா. அப்புறம் பைய எடுத்தா. நேராப் போய் பிரேமா கூட சேந்துக்கினா. அவளுங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல படுத்துக்கறாளுங்களாம், ரெஜினா சொன்னா. அங்க யாரு கண்ணு அவ கால் மேல கை போடுவாங்க? பிரேமா தூங்குனா எந்திரிக்க மாட்டா.

ஒயிட்ஃபீல்டா இது? ஐயோ, கே.ஆர்.புரம் வந்துடுமே. கண்ணு, ஒரு ஒதவி பண்ணு. அவங்க வூடு எங்கன்னு எனக்குத் தெரியாது. கே.ஆர்.புரம்னு மட்டுந்தான் தெரியும். என் நம்பரப் பாத்தா அவ எடுக்க மாட்டா. உன் போன்லேர்ந்து ஒரு கால் போடு. 'உங்க அம்மாவுக்கு ரயில்ல மயக்கம் வந்துடுச்சு, பேச முடியல, ஸ்டேஷனுக்கு வாங்க'ன்னு சொல்லு.

ஏன் முழிக்கிற? நான் சொல்லக் கூடாது, இன்னிக்கி சீலம் எடுத்திருக்கேன். உனக்கு இன்னா தடை? நெஜத்தையே சொன்னா இன்னான்னா கேக்கற? நெஜத்த சொன்னா வருவாளா? இதோ, இந்தப் பையில அவ மாத்திரை இருக்கு, வெச்சிட்டுப் போயிட்டா. அங்க கெடைக்கும், தெரியும். இந்நேரம் வாங்கியிருப்பா, அதுவும் தெரியும். ஆனா தெனம் சாப்பாடு ஆனதும் ஒரு சொம்புல தண்ணி மொண்டு எடுத்துக்கினு வந்து நிக்கறேன் கண்ணு. குடுக்க ஆளு இல்ல. எனக்குப் பயமா இருக்கு. போடு, நம்பர் சொல்றேன்.

ரிங் போகுதா? எடுத்துட்டாளா? சொல்லு. ஆங், அப்படித்தான். மயக்கம்னு சொல்லு... இன்னா சொல்றா? அழறாளா? இன்னா கேட்டா?

'அம்மாதான் இப்படி சொல்லச் சொன்னாங்களா'ன்னு கேக்கறாளா?

ஏன் என்னையே பாக்கற? இல்லைன்னு சொல்லேன். ஒரு வார்த்ததான. சொல்ல மாட்டியா? நீயுமா? இரு. இரு, குடு இங்க. குடுன்னா.

சுமேதா... நான்தான்டி. மயக்கமெல்லாம் ஒண்ணுமில்ல, முறுக்கு தின்னுட்டு நல்லாத்தான் உக்காந்திருக்கேன். ஆமா. நான்தான் இந்தப் பொண்ண அப்படி சொல்லச் சொன்னேன். கேக்குதா? உன் மாத்திரை எடுத்தாந்திருக்கேன். மாத்திரைடி. சத்து மாத்திரை இல்ல, வலிப்பு மாத்திரை. உனக்கு வர்ற வலிப்புக்கு, வலிப்பு மாத்திரை எடுத்தாந்திருக்கேன்!

எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்களா? பாக்கட்டும்.

இல்ல கண்ணு, ஒண்ணும் பேசல. மூச்சு மட்டும் கேக்குது. அவ மூச்சுதான், எனக்குத் தெரியாதா? பேச மாட்டேங்கறா, ஆனா போன வெக்கல. ரயில் நிக்கப் போகுதே. உன் போன நான் இப்ப எப்படிக் கண்ணு திருப்பிக் குடுப்பேன்? அவ இன்னும் வெக்கலியே.